முழுகாத நாள்கள்

"முழுகாமல் இருக்கிறாள்" என்பது தமிழ் வழக்கு. "குளி தெற்றி" என்பது மலையாள வழக்கு. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் இம்முறை வரவில்லை என்பதைச் சொல்லிக் கருவுற்ற செய்தியை உணர்த்தும் தொடர்கள் இவை. ஒன்று குளிக்காததைச் சொல்கிறது. மற்றது குளியின் முறை தவறியதைச் சொல்கிறது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில் இவ்விரு தொடர்களும் ஒரே வீட்டின் ஒரே அடுக்களையில் ஒலிக்கும். பாட்டி ஒன்றைச் சொல்வாள், பேத்தி மற்றதைச் சொல்வாள்.

பெண்ணின் அந்த நிலைக்கு இரு மொழிகளிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மசக்கை, சூல், நிறைமாதம், பேறுகாலம், பச்சை உடம்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அவற்றுள் சில அன்பானவை, சில கொடுமையானவை. ஆணுக்கு என்ன இருக்கிறது? குழந்தை பிறந்துவிட்டால் அவன் அப்பன், அச்சன். பிறக்கும் முன், அதுவும் மணமாகாதவனாக இருந்தால், அவனைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் குற்றப்பத்திரிகையின் சொற்கள்: கெடுத்தவன், வயிற்றில் கொடுத்தவன், பிழப்பிச்சவன். அவன் என்ன செய்தான் என்பதை அவை சொல்கின்றன. அவன் என்னவாக இருக்கிறான் என்பதைச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. அந்தச் சொல்லில்லாத இடத்தில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் பதினொரு நாள்கள் வாழ்ந்தான்.

அவன் வீடு பாறசாலைக்குக் கிழக்கே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே. தாயின் வீடு எல்லைக்கு அப்பால், விளவங்கோடு வட்டத்தில். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால் தாயும் மகனும் வெவ்வேறு மாநிலங்களில் பிறந்தவர்கள். இருவர் வீட்டுக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. அவன் பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டில் பேசுவது தமிழ். கோபம் வந்தால் இரண்டும். காட்டாக்கடையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவளும் அதே வகுப்பு, அதே வயது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்; விடுதியில் தங்கிப் படித்தாள்.

திங்கட்கிழமை மாலை, பேருந்தில் வரும்போது செய்தி வந்தது. "எனக்கு இந்த மாசம் வரல்ல. அஞ்சு நாளாச்சு."

அவன் ஜன்னலோரம் அமர்ந்திருந்தான். வாசித்தான். மீண்டும் வாசித்தான். பிறகு, "ஒனக்கு ஒறப்பாத் தெரியுமா?" என்று எழுதி அனுப்பினான். பின்னாளில் அவனை அதிகம் உறுத்தியது இந்த மறுமொழிதான். ஐயம் கொள்வதற்கான கேள்வி அது. துணை நிற்பதற்கான கேள்வி அன்று. அவள் நெடுநேரம் பதில் எழுதவில்லை. அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோயிற்று. இரண்டு நிறுத்தங்கள் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தான்.

முதல் மூன்று நாள்கள் அவன் மனம் சென்ற இடங்களை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன்களுக்கு இவ்வாறு தோன்றாது என்று நம்புவதுதான் அவர்களைத் தனிமைப்படுத்துகிறது. அவளுக்குக் கணக்குத் தவறியிருக்கும் என்று நினைத்தான். அவள் பொய் சொல்கிறாளோ என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தான். வளைகுடாவுக்குப் போய்விடலாமா என்று எண்ணினான். கடவுச்சீட்டுகூட இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் தேடினான், தேடியதை அழித்தான், அழித்ததையே மறுபடி தேடினான். சோறு இறங்கவில்லை. அம்மா, "ஏன்லே, வயிறு சரியில்லையா?" என்று கேட்டபோது, வயிறு என்ற சொல்லைக் கேட்டே எழுந்துபோனான். ஒருநாள் அதிகாலை, தூக்கம் வராமல் கிடந்தவன், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தான். அச்சமும் வெட்கமும் அவன் எதிர்பார்த்தவை. இந்த மூன்றாவது உணர்ச்சியை அவன் எதிர்பார்க்கவில்லை. அதை யாரிடமும், அவளிடமும், சொல்லவில்லை.

அவன் அறிந்த தீர்வு ஒன்றே ஒன்று: கல்யாணம். திரைப்படங்களும் ஊரும் அதைத்தான் கற்பித்திருந்தன. ஆனால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி ஆணுக்கு மண வயது 21. அவள் மணம் செய்துகொள்ளலாம், அவன் கூடாது. இதே மாவட்டத்தில் இதையொட்டி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் மணந்துகொண்ட இணையருள் மணமகனுக்கு 21 நிறையச் சில வாரங்களே இருந்தன. பெண்ணின் தந்தை உயர்நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் பெண்ணைத் தந்தையிடம் ஒப்படைத்தது. வழக்கு நந்தகுமார் எதிர் கேரள அரசு என்ற பெயரில் உச்சநீதிமன்றம் சென்றது. மணம் செல்லுமா என்பது ஒருபுறம் இருக்க, இருவரும் 18 கடந்தவர்கள், விரும்பினால் சேர்ந்து வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2018 ஏப்ரலில் நீதிபதிகள் சிக்ரியும் அசோக் பூஷணும் தீர்ப்பளித்தனர். தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் தொடங்கிய இவ்வழக்கை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

சட்டத்தின் மொழியில் ஒரு மாற்றம் இங்கே கவனிக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை பலிக்காமல் உண்டான கருவைப் பற்றிப் பேசுமிடத்தில் "மணமான பெண் அல்லது அவள் கணவன்" என்றே எழுதியிருந்தது. 2021இன் திருத்தம் அதைப் "பெண் அல்லது அவள் இணையர்" என்று மாற்றியது. கணவன் அல்லாத ஓர் ஆணுக்கு அச்சட்டத்தில் முதன்முதலாக ஒரு பெயர் கிடைத்தது அப்போதுதான். பெயர் கிடைத்ததே ஒழியக் கையெழுத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 18 நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். அது நியாயமே. உடல் அவளுடையது. ஆனால் பிள்ளை பிறந்தால் அதன் பராமரிப்புக்குத் தந்தையைச் சட்டம் பொறுப்பாக்கும், மணம் நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். முடிவெடுக்கும் இடத்தில் அவன் இல்லை, விளைவைச் சுமக்கும் இடத்தில் இருக்கிறான். இதை அநீதி என்று கூவுவோர் இருக்கின்றனர். அக்கூச்சலில் சேர வேண்டியதில்லை. இப்படியொரு நிலையில் நிற்பவன் தன் அச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான் என்பதே இங்குக் கேள்வி.

இருவரும் இரண்டு வயது இளையவர்களாக இருந்திருந்தால் கதையே வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் முன் 18 நிறையாதவரின் இசைவு இசைவே அன்று. மருத்துவமனைக்குப் போனாலே செய்தி காவல்நிலையம் செல்லும். பதின்பருவக் காதலை இச்சட்டத்துள் இழுப்பது அதன் நோக்கமன்று எனச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை நீக்கியபோது எழுதினார். எனினும் சட்டத்தில் வயது மாறவில்லை.

புதன்கிழமை அவன் களியக்காவிளைக்குப் போனான். பாறசாலையில் மருந்துக்கடைகள் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் யாரேனும் ஒருவர் அவன் அப்பாவை அறிந்தவராக இருப்பார். எல்லைக்கு அப்பால் முகம் தெரியாது என்று எண்ணினான். இரு மாநிலத்து மக்களும் முட்டிமோதும் அந்தச் சந்தையில் வாழைக்குலை லாரிகளுக்கு நடுவே மூன்று கடைகளைக் கடந்து நான்காவதில் நுழைந்தான். முதலில் தலைவலி மாத்திரை கேட்டான். பிறகு இருமல் மருந்து கேட்டான். இறுதியாகத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டான். கடைக்காரர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பாராமுகத்தை அவன் இன்றும் நன்றியோடு நினைக்கிறான்.

வியாழக்கிழமை காலை அவள் விடுதியில் சோதித்தாள். ஒரே கோடு. காட்டாக்கடைப் பேருந்து நிலையத்தில் நின்றபடி அதன் படத்தைப் பார்த்தவன் மூச்சை விட்டான். அடுத்த நிமிடமே பெட்டித்தாளில் எழுதியிருந்ததை அவள் அனுப்பினாள். கருப்பதிந்த பிறகு சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீரைத்தான் அந்தப் பட்டை கண்டறிகிறது. முட்டை வெளிப்படுவது பிந்தியிருந்தால் அதன் அளவு எட்டாமல் இருக்கலாம். விலக்கு வராவிட்டால் சில நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் மீண்டும் பார்க்க வேண்டும். தேர்வுக் காலத்து மன அழுத்தத்தால்கூட நாள் தள்ளிப்போகும் என்பதையும் இருவரும் அறிந்திருந்தனர். ஆனால் அறிவதும் நம்புவதும் ஒன்றல்ல. அடுத்த வியாழன்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று.

ஊர் மருத்துவமனைச் சுவரில் கேரள அரசின் திசா உதவி எண் 1056 எழுதியிருப்பதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். நாடு முழுவதற்குமான மனநல உதவி எண் 14416 கைப்பேசியில் தேடியபோது கண்ணில் பட்டது. இரண்டையும் அழைக்கவில்லை. பெயர் கேட்பார்களோ என்ற அச்சம் ஒன்று. என்னவென்று சொல்லித் தொடங்குவது என்பது மற்றொன்று. "ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள்" என்று தொடங்கினால் அது அவளைப் பற்றிய செய்தி. தன்னைப் பற்றிய வாக்கியத்துக்கு எழுவாய் இருந்தது, பயனிலை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விடியும் முன் எல்லை கடந்து தாய்மாமன் வீட்டுக்குப் போனான். மாமன் ரப்பர் வெட்டுபவர். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நின்று வடியும். ஆகவே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவார். விடுமுறை நாள்களில் மருமகன் கூடப் போவதுண்டு. அன்றும் போனான். மாமன் முன்னே வெட்டிக்கொண்டு போக, இவன் பின்னால் கோட்டின் மேல் படிந்த ஒட்டுப்பாலை உரித்துச் சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தான். முகம் தெரியாத அந்த இருட்டுதான் உதவியிருக்க வேண்டும். நாற்பதாவது மரமோ ஐம்பதாவது மரமோ, சொல்லிவிட்டான். முழுவதையும் சொன்னான். பெயர் யோசித்ததை மட்டும் விட்டுவிட்டான்.

மாமன் கத்தியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அடி விழும் என்று அவன் காத்திருந்தான்.

"மக்களே, அவ எப்பிடி இருக்கா?"

அவனிடம் பதில் இல்லை. ஐந்து நாள்களாக அவளோடு பேசியது முழுவதும் நாள்களைப் பற்றியும் கோடுகளைப் பற்றியும்தான். சாப்பிடுகிறாளா, உறங்குகிறாளா, விடுதியில் உடனிருப்பவர்கள் எதையேனும் கண்டுகொண்டார்களா, ஒன்றும் தெரியாது. தன் அச்சம் மட்டுமே உலகில் இருப்பதுபோல் அதற்குள் உட்கார்ந்திருந்தான். மாமன் திட்டவில்லை. அடுத்த மரத்துக்குப் போய் வெட்டிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். மூத்த மகள் பிறந்தபோது அவர் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். மகிழ்ச்சி வரவில்லை, கால் நடுங்கியது. உடன் தங்கியிருந்தவர்களுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றார். மகளை முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது. அவரை மாமா என்று அழைத்தாள். "கெட்டிக் கொண்டுவந்தவனுக்கே அப்பிடி. நீ பேடிக்கது தப்பொண்ணும் இல்ல. ஆனா பேடியில நீ தனிச்சா நிக்கப்பிடாது, அவளையும் தனிச்சு நிக்க விடப்பிடாது." இரண்டாம் சோதனையில் கோடு விழுந்தால் மருத்துவரிடம் தானும் மாமியும் கூட வருவதாகச் சொன்னார், அம்மாவிடம் சொல்வதை அதன் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு பால் எடுக்க வாளியை நீட்டினார்.

தந்தையாகப் போகிறவனின் நடுக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுத்த சமூகங்கள் உண்டு. மனைவி பிள்ளை பெறும் வேளையில் கணவனும் படுத்துக்கொண்டு பத்தியம் காக்கும் வழக்கத்துக்கு மானிடவியலார் 'கூவாட்' என்று பெயரிட்டனர். 'அடைகாத்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாக வந்தது அது. தென்னிந்தியாவில் குறவர் சமூகத்தில் பேற்று வலி தொடங்கியதும் கணவன் மனைவியின் உடையை அணிந்து இருண்ட அறையில் படுத்துக்கொள்வான் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார். அக்காலத்து வெள்ளையதிகாரிகளுக்கு அது வேடிக்கை. இன்றைய உடலியல் அதை அவ்வளவு எளிதாகச் சிரித்துத் தள்ளாது. பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 624 இளைஞர்களை 2005இலும் 2009இலும் ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், இடைப்பட்ட காலத்தில் தந்தையானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மற்றவர்களைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. பிள்ளையை நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கவனித்தவர்களிடம் இன்னும் குறைந்திருந்தது. தந்தைமை ஆணின் உடம்பிலும் நிகழ்கிறது. பத்தொன்பது வயதில், பிள்ளை உண்டா இல்லையா என்றே தெரியாத பதினொரு நாளில் இதில் எதுவும் நிகழ்ந்திருக்காதுதான். ஆயினும் படுத்துக்கொள்ள ஓர் இருட்டறை அவனுக்கும் தேவைப்பட்டது. அது ரப்பர்த் தோட்டமாக அமைந்தது.

அன்று மாலை அவளுக்கு எழுதினான். "சாப்பிட்டியா? நமக்கு எதுவானாலும் நான் கூட உண்டு. மாமனும் வருவாங்க."

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்பதைத் தமிழும் மலையாளமும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. 'நாங்கள்' கேட்பவரை விலக்குகிறது, 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. மொழியியல் வகுப்பின் முதல் மாதத்தில் சொல்லித்தரப்படும் செய்தி இது. யாரும் அதற்காகக் கலங்குவதில்லை. ஆறு நாள்களாக 'எனக்கு', 'ஒனக்கு' என்றே ஓடிய அந்த உரையாடலில் 'நமக்கு' என்பது முதன்முறை வந்தது சனிக்கிழமை மாலை. அவள் ஓர் எழுத்தும் எழுதாமல் நேரே அழைத்தாள். இருவரும் பாதி நேரம் அழுதார்கள். என்ன செய்வது என்பதை அவள் தீர்மானிக்கட்டும், எதுவானாலும் உடன் வருவேன் என்றான். அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றாள். அப்போதுதான் தனக்கு வேண்டியது முடிவு அன்று, அவள் குரல் என்பது அவனுக்குப் புரிந்தது. அன்றிரவு சோறு தின்றான்.

வியாழக்கிழமை மீண்டும் ஒரே கோடு. வெள்ளிக்கிழமை மதியம், "வந்துட்டு" என்று ஒரு சொல் மட்டும் வந்தது.

மாமனுக்குத் தொலைபேசியில் சொன்னான். "பிழைச்ச" என்றார் மாமன். தமிழில் பிழைத்தவன் உயிர்தப்பியவன். மலையாளத்தில் பிழச்சவன் நெறிதவறியவன். எல்லையில் வாழ்பவருக்கு இரண்டு பொருளும் ஒருசேரக் கேட்கும். மாமன் எதை நினைத்துச் சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. பேசி முடித்ததும் வயல்வரப்பில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். ஆறுதலால் அழுதான் என்பது முக்கால் உண்மை. மீதிக் காலில் அந்தப் பெயர் இருந்தது. இல்லாத ஒருவருக்காக எவரிடமும் துக்கம் விசாரிக்க முடியாது.

மறுவாரம் காட்டாக்கடைப் பேருந்து நிலையத்தில் இருவரும் சந்தித்தனர். தேநீர் வாங்கினார்கள். பேசுவதற்கு நிறைய இருந்தும் தேர்வைப் பற்றித்தான் பேசினார்கள். நெய்யாற்றின்கரைப் பேருந்து வந்து நின்றபோது அவள் கேட்டாள்: "நீ மாமன்ட்ட எப்பச் சொன்ன?"

"அந்தச் சனியாழ்ச்ச. வெளுப்பான் காலத்துல."

"உம்." பையைத் தோளில் மாட்டினாள். "நான் இதுவரைக்கும் ஆருட்டயும் சொல்லல்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நடத்துநர் மணியடித்தார். அவள் ஏறி ஜன்னலோரம் இடம்பிடித்தாள். பேருந்து நகர்ந்தது. அவன் குனிந்து கைப்பேசியில் எழுதத் தொடங்கினான். அன்று மாலைவரை எழுதிக்கொண்டே இருந்தான்.